வாசகர் கேள்வி: கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு ரயிலில்

கேள்வி: முட்டிவலியுள்ள என் தாயாரை மாதம் ஒருமுறை கோலாலம்பூர் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். கார் நிறுத்த இடம் தேடியே சலித்துவிட்டது. ரயிலிலேயே போய்விட முடியுமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: தாராளமாகப் போகலாம். எம்.ஆர்.டி. என்னும் நகர ரயிலின் புத்ராஜெயா தடத்தில் இரண்டாம் கட்டம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டதிலிருந்து, அந்த மருத்துவமனையின் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது.

கிள்ளானில் கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலில் ஏறி, கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இறங்குங்கள். அங்கிருந்து மோனோரயிலில் தித்திவங்சா வரை சென்று, எம்.ஆர்.டி.க்கு மாறி ஒரு நிலையம் போனால் மருத்துவமனை வந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். வரைபடத்தில் அது நேர்வழியாகத்தான் தெரியும். ஆனால், மோனோரயில் பெட்டிகள் சிறியவை, கூட்ட நேரத்தில் இருக்கை கிடைப்பது அரிது, அதில் ஏறுவதற்கே நூ சென்ட்ரல் பேரங்காடியைக் கடக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகள் நிமிடங்களைக் கணக்கிடுகின்றனவே தவிர, முட்டிகளைக் கணக்கில் கொள்வதில்லை.

ஆகவே, கேஎல் சென்ட்ரலிலிருந்து கூரையிட்ட நடைபாதை வழியாக மியூசியம் நெகாரா எம்.ஆர்.டி. நிலையத்திற்குச் சென்று, காஜாங் நோக்கிப் போகும் ரயிலில் ஏறுவதையே நான் பரிந்துரைப்பேன். நான்காவது நிலையமான துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் இறங்கி, கட்டண வாயிலைக் கடக்காமலேயே குவாசா டாமன்சாரா நோக்கிச் செல்லும் புத்ராஜெயா தட ரயிலுக்கு மாறினால், அங்கிருந்து ஐந்தாவது நிலையம் மருத்துவமனை. சற்றுச் சுற்றுதான்; ஆனாலும் பெட்டிகள் பெரியவை, நிலையங்களில் மின்தூக்கிகளும் உண்டு.

கொமுட்டர் மட்டும் நகர ரயில்களைப்போல் அடுத்தடுத்து வருவதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் அரை மணி நேரம்கூடக் காத்திருக்க நேரும் என்பதால், அட்டவணையைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் தாயார் 60 வயதைக் கடந்தவர் என்றால், எம்.ஆர்.டி.யை நடத்தும் ரேபிட் கேஎல் நிறுவனத்தின் சலுகை அட்டையை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், எம்.ஆர்.டி.யில் பாதிக் கட்டணம்தான்.

கேள்வி: வேலைக்குப் போக 50 ரிங்கிட்டுக்கு மை50 என்னும் மாதப் பயண அட்டை வாங்கினேன். கொமுட்டரில் தனியாகப் பணம் கழிகிறதே, ஏன்?
– வாசகர், ஷா ஆலம்

பதில்: மை50, ரேபிட் கேஎல் நடத்தும் எம்.ஆர்.டி., எல்.ஆர்.டி., மோனோரயில், பேருந்து ஆகியவற்றுக்கே செல்லும். கொமுட்டரை நடத்துவது கேடிஎம் என்ற வேறு நிறுவனம். மாதத்தில் 22 நாள் வேலைக்குப் போகிறவருக்கு, கொமுட்டர் கட்டணம் நீங்கலாக ஒரு நாளின் போகவரச் செலவு 2.30 ரிங்கிட்டைத் தாண்டினால் மை50 இலாபம்தான். அது 30 நாள்களுக்குச் செல்லும் என்பதால், தீபாவளிக்கு நீண்ட விடுப்பு எடுப்பதாக இருந்தால், ஊர் திரும்பிய பிறகு புதுப்பித்துக்கொள்ளுங்கள்.