சேலத்தில் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்க இயலுமா, பெங்களூருக்குத்தான் செல்ல வேண்டுமா?

உள்ளூர்த் தொழிலின் சிக்கலைத் தீர்க்கும் நிறுவனமாக இருந்தால் சேலமே பொருத்தமான இடம் என்பது என் உறுதியான கருத்து. எடுத்துக்காட்டாக, ஜவ்வரிசி ஆலைகள் வாங்கும் மரவள்ளிக் கிழங்கின் விலை அதிலுள்ள மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ அளவைப் பொறுத்தே கணக்கிடப்படுவதால், ஆலை வாசலில் ஆலைக்காரர் சொல்லும் அளவை மட்டுமே நம்ப வேண்டியிராமல், விவசாயி தன் வயலிலேயே அதைச் சோதித்துக்கொள்ள உதவும் மலிவான கருவி ஒன்று உருவானால், அதன் பயன் நேரடியாக இம்மாவட்டத்திலேயே தங்கும். ஜவ்வரிசி, மாவு உற்பத்தியாளர்களுக்காக 1981இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், 2023இல் சேலம் ஜவ்வரிசி பெற்ற புவிசார் குறியீடும் இத்துறைக்கு ஏற்கெனவே உள்ள பலங்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் இத்தகைய கவனம் தேவை.

அலுவலக இடத்துக்கு ஜாகீர் அம்மாபாளையத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா உள்ளது. முதலீட்டுக்கு, 2021இல் தொடங்கிய மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம், மாதிரி உருவாக்க 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் வகையில் நான்கு ஆண்டுகளுக்கென அறிவிக்கப்பட்டது. அதை அங்கீகரிக்கப்பட்ட தொழில் வளர் மையம் (இன்குபேட்டர்) வழியாகவே பெற வேண்டும் என்பதால், முதலில் அத்தகைய மையம் ஒன்றை அணுகி, திட்டம் இப்போதும் நடைமுறையில் உள்ளதா என்று கேளுங்கள்.