இருபது லட்சம் கான்ட்ராஸ்ட்டும் முற்றத்து வெளிச்சமும்

கேள்வி: எங்களுடையது முற்றம் வைத்த பழைய வீடு. கூடத்தில் 100 அங்குலப் படம் விழ வேண்டும். பார்த்து வைத்த இரண்டு புரொஜெக்டரில் ஒன்றுக்கு கான்ட்ராஸ்ட் 20,00,000:1, மற்றதற்கு 2,000:1 என்று போட்டிருக்கிறது. ஆயிரம் மடங்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: தெரியாது. இரண்டையும் ஒரே படியால் அளக்கவில்லை. வெள்ளையின் ஒளியைக் கறுப்பின் ஒளியால் வகுத்தால் வருவது கான்ட்ராஸ்ட். 20 லட்சம் என்பது டைனமிக் கணக்கு. முழு வெள்ளையை ஒருமுறை அளப்பார்கள். பிறகு முழுக் கறுப்பைப் போட்டு, விளக்கை அணைக்காத குறையாக மங்க வைத்து அளப்பார்கள். இருட்டுப் படித்துறையில் ஒருவர் விளக்கோடு நிற்கும் காட்சிக்கு இது உதவாது. தண்ணீர் கறுக்கட்டும் என்று ஒளியைக் குறைத்தால் கை விளக்கும் சேர்ந்து மங்கும். விளக்கை மங்க வைக்காமல் அளக்கும் நேட்டிவ் கான்ட்ராஸ்ட் எவ்வளவு என்று கேளுங்கள். 16 கட்டங்களில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் போட்டு அளக்கும் ஆன்சி கான்ட்ராஸ்ட் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் சில நூறு வந்தாலே நல்ல கருவி. எண் சிறியது என்பதாலோ என்னவோ, பெட்டியில் அதை அச்சடிப்பது அபூர்வம்.

அடுத்தது உங்கள் முற்றம். புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. அது ஒளி அனுப்பாத இடத்தில் கூடத்து வெளிச்சம் எவ்வளவு விழுகிறதோ அதுதான் கறுப்பு. 100 அங்குலத் திரையின் பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். கருவி வெளிவிடும் மொத்த ஒளி லூமென்ஸ்; ஒரு சதுர மீட்டரில் விழுவது லக்ஸ். கருவி உண்மையில் 2,000 லூமென்ஸ் தந்தால் வெள்ளை ஏறக்குறைய 727 லக்ஸ். முற்றத்திலிருந்து 100 லக்ஸ் திரையில் விழுந்தால் 827-ஐ 100-ஆல் வகுக்க வேண்டும்: 8:1 சொச்சம். கருவியின் நேட்டிவ் 2,000 ஆனாலும் 5,000 ஆனாலும் விடை இதேதான். வெளிச்சத்தை 10 லக்ஸுக்குக் குறைத்தால் 70:1-ஐத் தாண்டும். 50 சதவீத நிழல்வலை வெளிச்சத்தைப் பாதியாக்குமே தவிர அதற்கு மேல் செய்யாது. பகலில் படம் பார்க்கத் தார்ப்பாய்தான் சரி. இரவிலும் சுண்ணாம்புச் சுவர் படத்தின் ஒளியைத் திரைக்கே திருப்பியனுப்பும். திரையை ஒட்டி இரு பக்கமும் ஒரு மீட்டருக்கு அடர்நிறத் துணி தொங்கவிடுங்கள்.

கடையில் விளக்கை அணைக்கச் சொல்லி, டைனமிக், காட்சிக்கேற்ப ஒளித்துளையைத் தானே சுருக்கும் ஆட்டோ ஐரிஸ் இரண்டையும் நிறுத்தி, கறுப்பில் வெள்ளை எழுத்துள்ள படத்தை உங்கள் பென்டிரைவிலிருந்து போடுங்கள். விளம்பரப் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் இருட்டே இருக்காது.

கேள்வி: டியூஷன் சென்டரில் பகலில் எழுத்து வெளுத்துத் தெரிகிறது. கான்ட்ராஸ்ட் கூடிய புரொஜெக்டர் வாங்கலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: இப்போது வேண்டாம். ஒலி-ஒளிக் கருவித் துறையின் இன்ஃபோகாம் அமைப்பு 2011-இல் வெளியிட்ட தரம் பாடம் போன்ற பயன்பாட்டுக்கு 15:1 கேட்டது. முழு வீடியோவுக்கு 80:1. புரொஜெக்டரை அணைத்துவிட்டு, போனின் முதுகைத் திரையில் ஒட்டி வைத்து லக்ஸ் செயலியில் பாருங்கள். தோராயமான அளவுதான், ஆனால் போதும். 100 லக்ஸ் என்றால் திரைக்கு மேலுள்ள டியூப்லைட்டை அணைத்து 50-க்குக் கொண்டுவாருங்கள். அது முடியாவிட்டால் படத்தை 80 அங்குலமாகச் சுருக்குங்கள்; அதே 2,000 லூமென்ஸில் வெள்ளை 1,136 லக்ஸாகி, விகிதம் 8-லிருந்து 12-க்கு ஏறும். இதற்குச் செலவே இல்லை.

கேள்வி: இரண்டு வருடம் முன்பு கறுப்பாகத் தெரிந்தது இப்போது சாம்பலாகத் தெரிகிறது. பல்பு போய்விட்டதா?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: பல்பு தேய்ந்தால் வெள்ளைதான் மங்கும். முழுக் கறுப்புப் படமே சாம்பலாகத் தெரிந்தால், யாராவது பிரைட்னஸைக் கூட்டியிருக்கலாம். அது கறுப்பைத் தூக்கும் திருகு. அல்லது எச்டிஎம்ஐ வீச்சு, அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை சிக்னல் அனுப்பும் எண்களின் வரம்பு, பொருந்தவில்லை: லேப்டாப் 'லிமிடெட்', புரொஜெக்டர் 'ஃபுல்' என்று இருந்தால் கறுப்பு வெளிறும். இரண்டிலும் ஒன்றையே வையுங்கள். முழுக் கறுப்பு சரியாக இருந்து, பக்கத்தில் வெளிச்சம் வரும்போது மட்டும் சாம்பல் படர்ந்தால் லென்ஸில் படலம். சம்பா அறுவடைத் தூசியும் ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் அது சீக்கிரம் வரும். முதலில் கையால் அழுத்திக் காற்றடிக்கும் புளோவர், பிறகு மைக்ரோஃபைபர் துணி. வாயால் ஊதவும் வேண்டாம், ஈரத்துணியும் வேண்டாம். இருட்டுக் காட்சியில் நிறமான மங்கல் புள்ளி ஒரே இடத்தில் நின்றால் உள்ளே படத்தை உருவாக்கும் எல்சிடி பேனலில் தூசி. அதை நீங்கள் திறக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள்.