மறுபடியும் பள்ளிக்கூடம் பூட்டியாச்சு, பிள்ளைகளை என்ன செய்வது? (வாசகர் கேள்வி – பதில், ஜனவரி 2022)

கொரோனா பரவலால் ஜனவரி 31 வரை எந்த வகுப்புக்கும் நேரடிப் பாடம் இல்லை என்ற அறிவிப்பு வந்ததும் செட்டிநாட்டுப் பக்கமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்குள் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மறுபடி கால் வைத்தது 2021 நவம்பர் 1-இல். நவம்பரில் பல நாள் மழை விடுமுறையில் போனது. பிள்ளைகள் பழைய பழக்கத்துக்குத் திரும்புவதற்குள் மறுபடியும் கதவு சாத்தியாகிவிட்டது. அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க இதற்கே கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: என் மகன் இரண்டாம் வகுப்பு. எழுத்து அட்டையை வைத்தால் 247 எழுத்தையும் பாட்டு மாதிரிச் சொல்லிவிடுவான். புத்தகத்தில் 'மரம்' என்று இருந்தால் படத்தைப் பார்த்துச் சொல்கிறான். படத்தை மறைத்தால் முழிக்கிறான். தினமும் நாலு பக்கம் எழுத வைத்தும் பலனில்லை.
– ஒரு தாய், கானாடுகாத்தான்

பதில்: உங்கள் மகன் ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காரவில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். அவன் மந்தமில்லை. அவன் படித்திருப்பது எழுத்துகளின் வரிசையை மட்டும்தான். எழுத்தை இன்னும் படிக்கவில்லை. க, கா, கி, கீ என்று வரிசையாகப் போகும்போது அடுத்தது என்ன என்பது காதுக்குத் தெரியும், கண்ணுக்கு வேலையே இல்லை. 'மோ', 'டி', 'லை' என்று தாறுமாறாகப் பத்து எழுத்தைக் காட்டிப் பாருங்கள். எத்தனை தெரிகிறது என்பதுதான் உண்மையான கணக்கு. நாலு பக்கம் எழுதுவதும் இதே கதைதான். மேல் வரியைப் பார்த்து வரைகிறான், அவ்வளவே. அதை இன்றே நிறுத்துங்கள்.

அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு க, ட, த, ப, ம, ர ஆகிய ஆறு எழுத்தோடு தொடங்குங்கள். அவற்றோடு புள்ளியும் காலும் மட்டும். ஆறெழுத்துக்கும் மும்மூன்று வடிவம், ஆக 18. இந்தப் பதினெட்டிலேயே படம், பட்டம், பாடம், மரம், காகம், கட்டம், தாத்தா, பாப்பா எல்லாம் வந்துவிடும். பழைய காலண்டர் தாளைக் கிழித்துச் சீட்டாக்கி, சீட்டுக்கு ஒரு சொல் பெரிதாக எழுதுங்கள். படம் வேண்டாம். முதல் வாரம் தடுமாற வைப்பது புள்ளிதான். 'பட்டம்' என்பதைப் 'படடம்' என்று இழுப்பான். 'படம்' சீட்டையும் 'பட்டம்' சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டால் இரண்டு மூன்று நாளில் பிடிபடும்.

இரண்டாம் வாரம் ச, ண, ய, ல, வ, ன சேருங்கள். கூடவே 'ி', 'ீ' விலங்குகள். அந்த வாரக் கடைசியில் 'பணியாரம்' என்று எழுதிக் காட்டுங்கள், தானே கூட்டி வாசிப்பான்.

மூன்றாம் வாரம் உகரம். பெரும்பாலான பிள்ளைகள் சிக்கிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் இதற்கு ஒரே குறி கிடையாது. மூன்று குடும்பமாகப் பிரித்துக் கொடுங்கள். சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு வளைந்து சுற்றும். து, ணு, நு, லு, று, னு கீழே போய் வலப்பக்கம் மேலே ஏறும். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் போதும். தாம்பாளத்தில் கால்படி அரிசியைப் பரப்பி விரலால் எழுதச் சொல்லுங்கள். விரல் போகும் போக்கு பென்சிலைவிடச் சீக்கிரம் மனதில் தங்கும், தப்பானால் ஒரு குலுக்கில் அழிந்துவிடும்.

கொம்பு நான்காம் வாரம். 'கொ' என்பதில் கொம்பு முன்னால், கால் பின்னால், எழுத்து நடுவில் இருக்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் பிள்ளை 'கெ' என்று தொடங்கிக் காலைக் கண்டதும் நின்றுவிடும். மற்ற எழுத்தைத் தாளால் மறைத்து, மூன்று துண்டும் சேர்ந்தது ஒரே எழுத்து என்று முழுதாகக் காட்டுங்கள். பேருந்தின் நெற்றியில் இருக்கும் 'தேவகோட்டை' நல்ல பரீட்சை. இரட்டைக் கொம்பு, கொம்பும் காலும், ஐகாரம் மூன்றும் அந்த ஒரு பெயரில் இருக்கின்றன.

தினமும் 20 நிமிடம் போதும். 5 நிமிடம் எழுத்துச் சீட்டு, 10 நிமிடம் சொல் வாசிப்பு, 5 நிமிடம் நீங்கள் சொல்ல அவன் ஐந்து சொல் எழுதுவது. அவன் திணறும்போது மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள். உடனே சொல்லிக் கொடுத்தால் அவன் உங்கள் வாயைப் பார்க்கக் கற்றுக்கொள்வான், எழுத்தைப் பார்க்க மாட்டான். ண–ன, ல–ள–ழ குழப்பத்தை இப்போது திருத்த வேண்டாம். சரளமாக வாசிக்கத் தொடங்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மகனும் மருமகளும் சென்னையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பேரனையும் மூன்றாம் வகுப்புப் பேத்தியையும் என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். நான் ஐந்தாவதுதான் படித்தேன். எனக்குச் சர்க்கரையும் உண்டு.
– ஒரு அப்பத்தா, புதுவயல்

பதில்: ஆச்சி, பாடத்துக்கு முன்னால் உங்கள் உடம்பு. பிள்ளைகளுக்குத் தொற்று லேசாக வந்து போய்விடலாம், சர்க்கரை உள்ள உங்களுக்கு அப்படிப் போகாமல் இருக்கலாம். வந்த முதல் ஏழு நாள் சாப்பாடு, விளையாட்டு, படிப்பு எல்லாம் வளவிலோ (முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதி) முகப்பிலோ (வீட்டின் முன்பகுதி) நடக்கட்டும். முற்றம் திறந்திருக்கும் வீட்டைவிட நல்ல காற்றோட்டம் எந்த வீட்டிலும் கிடைக்காது. இரவில் ஒரே அறையில் சேர்ந்து படுக்க வேண்டாம். பக்கத்தில் உட்காரும்போது நீங்களும் பிள்ளைகளும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். 2022 ஜனவரி 10 முதல், 60 வயதைத் தாண்டி இணைநோய் உள்ளவர்களுக்கு முன்னெச்சரிக்கைத் தவணை (மூன்றாவது கொரோனா ஊசி) போட்டார்கள். அப்போது இரண்டாம் ஊசி போட்டு 39 வாரம் ஆகியிருக்க வேண்டியிருந்தது. சான்றிதழில் தேதியைப் பாருங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக் குப்பியில் ஒன்றைக் கவனியுங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு வலுவில் வருகிறது. 120 குப்பியின் அளவிலேயே 250 குப்பியையும் ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். பிள்ளையின் எடையைச் சொல்லி, கையில் இருக்கும் குப்பிக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடமே கேட்டு அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

படிப்புக்கு உங்கள் ஐந்தாம் வகுப்பு தாராளம். தினமும் காலையில் பேரன் நாளிதழில் ஒரு செய்தியை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். புரியவில்லை என்றால் 'அப்படின்னா என்னப்பா?' என்று கேளுங்கள். விளக்கிச் சொல்வதும் படிப்புதான்.

கணக்குக்குப் பரணில் இருக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் மொத்தம் எத்தனை என்று ஆட்டம் தொடங்குமுன் பேத்தி சொல்ல வேண்டும். 70 என்று வரும். 70-ஐ ஏழு குழிக்குப் பங்கிட்டால் குழிக்கு எத்தனை என்று அடுத்த நாள் கேளுங்கள்.

மூன்றாம் வகுப்பில் கட்டாயம் பார்க்க வேண்டியது கடன் வாங்கிக் கழித்தல். 52-இல் 27 போனால் என்ன என்று கேளுங்கள். 35 என்றால், இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழில் இரண்டைக் கழித்திருக்கிறாள். இந்த வயதில் சாதாரணமாக நடக்கும் தப்பு இது. விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒரே நீளமாக ஒடித்துப் பத்துப் பத்தாக ஐந்து கட்டு கட்டுங்கள், இரண்டு குச்சியை உதிரியாக வையுங்கள். இதிலிருந்து 27 எடு என்று சொல்லுங்கள். ஏழு உதிரி கிடைக்காமல் அவளே ஒரு கட்டைப் பிரிப்பாள். அந்தப் பிரிப்புதான் கடன். பிரித்ததும் கட்டு நாலாகிவிட்டது என்பதை அவள் வாயால் சொல்ல வையுங்கள், பிறகு நோட்டில் போடட்டும்.

கேள்வி: மூன்று பிள்ளைகள், ஒரே போன், நாளுக்கு 1.5 ஜிபி. பதினொரு மணிக்கே தீர்ந்துவிடுகிறது.
– ஒரு வாசகர், திருப்பத்தூர்

பதில்: வீடியோவின் தரத்தை முதலில் குறையுங்கள். 720 தரத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 1 ஜிபியைத் தாண்டும். 360-இல் சுமார் 300 எம்பிதான். கரும்பலகை எழுத்து 360-இலேயே தெரியும். நேரடி வகுப்பில் உங்கள் பிள்ளையின் கேமரா அணைந்திருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை அமைப்பில் நிறுத்திவிடுங்கள். கேட்காமலே டேட்டாவைத் தின்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

போனை மூத்த வகுப்புப் பிள்ளையின் நேரடி வகுப்புக்கு முதலில் ஒதுக்குங்கள். மற்ற இருவருக்கும் பதிவு செய்த பாடம் போதும். பாடப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் க்யூஆர் கட்டத்தை தீக்‌ஷா செயலியால் படம் பிடித்தால் பாடம் வரும். அதை அதிகாலையில் இறக்கி வைத்துக்கொண்டால் பகலில் டேட்டா இல்லாமலே பார்க்கலாம். அரசு கேபிள் உள்ள வீட்டில் 200-ஆம் எண்ணில் கல்வித் தொலைக்காட்சி வருகிறது, அதற்கு போனே வேண்டாம். வகுப்பாசிரியரிடம் வீடியோவுக்குப் பதில் குரல் பதிவு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். பத்து நிமிடப் பேச்சு இரண்டு எம்பிக்குள் அடங்கிவிடும்.

கனத்த சுவர் வைத்த பழைய வீடாக இருந்தால் வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டுக்குள் உட்கார வைக்காதீர்கள். அங்கே சிக்னல் விட்டு விட்டு வரும், போனும் சூடாகும். முகப்பில் உட்காரட்டும்.

கேள்வி: யு.கே.ஜி. பேத்திக்கு தினம் மூன்று மணி நேரம் ஆன்லைன் வகுப்பு. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறாள். எடுக்காவிட்டால் பின்தங்கிவிடுவாளா?
– ஒரு ஐயா, தேவகோட்டை

பதில்: மாட்டாள். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போதைய கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல், மழலையர் வகுப்புக்கு நாளுக்கு 30 நிமிடத்துக்கு மேல் கூடாது என்கிறது. ஒன்று முதல் எட்டு வரை 30–45 நிமிட வகுப்பு இரண்டு. அதைச் சுட்டிக்காட்டிப் பள்ளிக்கு எழுதுங்கள். மீதி நேரம் அவள் மண்ணில் விளையாடட்டும். கசக்கல் நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. 'இந்தத் தடவையும் ஆல் பாஸ்தான்' என்று சொல்லிக்கொண்டு புத்தகத்தைத் தொடுவதில்லை.
– ஒரு தாய், காரைக்குடி

பதில்: ஆல் பாஸ் போட்ட ஆண்டுகளில் என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்லுங்கள். 2020-இல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 விழுக்காடு, வருகைக்கு 20 என்று கணக்கிட்டார்கள். அரையாண்டை அலட்சியமாக எழுதியவர்களுக்குத் திருத்திக்கொள்ள வழியே இல்லாமல் போனது. 2021-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு ரத்தானபோது, அந்தப் பிள்ளைகள் என்றோ எழுதி மறந்த பத்தாம் வகுப்பு மதிப்பெண் 50 விழுக்காடாக வந்து உட்கார்ந்தது, பதினொன்று 20, பன்னிரண்டின் செய்முறையும் அகமதிப்பீடும் 30. தேர்வு நடந்தாலும் நடக்காவிட்டாலும் பள்ளியில் எழுதும் ஒவ்வொரு தாளும் எண்ணிக்கையில் வரக்கூடியதுதான்.

2021–22 கல்வியாண்டுக்குப் பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள். அந்தப் பட்டியலைப் பள்ளியில் வாங்கிப் புத்தகத்தில் நீக்கிய பகுதியைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். பாதி பயம் அங்கேயே போகும். காலை ஆறு முதல் ஏழரை வரை கணக்கு, மாலையில் ஒரு பாடம். வாரம் ஒரு வினாத்தாளைக் கடிகாரம் வைத்து முழுதாக எழுதட்டும். இரண்டு ஆண்டாகக் கையால் எழுதாத பிள்ளைகளுக்கு விடை தெரிந்தும் நேரம் பற்றுவதில்லை.

கேள்வி: மகனுக்குப் பதினான்கு வயது முடிந்துவிட்டது, ஒன்பதாம் வகுப்பு. ஊரடங்கில் சமையல் மேஸ்திரியோடு பந்தி பரிமாறப் போய் நாளுக்கு 400 ரூபாய் கொண்டுவந்தான். இப்போது தை முகூர்த்தம் வருகிறது, பள்ளி திறந்தாலும் போக மாட்டேன் என்கிறான். அவன் காசும் வீட்டுக்குத் தேவையாகத்தான் இருக்கிறது.
– ஒரு தாய், கல்லல்

பதில்: மறைக்காமல் எழுதியதற்கு நன்றி, அம்மா. காசைப் பற்றிப் பேசும் முன் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். இந்த வயதுப் பையன்கள் பலர் பள்ளிக்குப் போக மறுப்பது காசு ருசி கண்டதால் மட்டும் இல்லை. வகுப்பில் எழுப்பிக் கேட்டால் ஒன்றும் தெரியாதே என்ற கூச்சமும் உண்டு. அவன் ஏழாம் வகுப்பில் இருக்கும்போது பள்ளி மூடியது. ஆறாம், ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களில் பின்னமும் முழுக்களும் போடத் தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் அவன் மறுப்பதற்குக் காரணம் அங்கே இருக்கிறது. தெருவில் கல்லூரிக்குப் போகும் அண்ணனோ அக்காவோ இருந்தால் தினம் 45 நிமிடம், இந்த இரண்டு பகுதியை மட்டும் முடித்துத் தரக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை அதுவரை திறக்க வேண்டாம்.

மேஸ்திரியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். பதினான்கு முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். கல்யாணச் சமையல் விடியற்காலை மூன்றுக்குத் தொடங்குவது அவருக்கும் தெரியும். பள்ளி திறந்தபின் கூப்பிட வேண்டாம் என்று மகன் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அவன் காசு எதற்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடன் தவணைக்கு என்றால், சுய உதவிக் குழுவில் தவணையைத் தள்ளிப்போட இந்த மாதமே கேளுங்கள். தவணை தவறியபின் கேட்பது கடினம். பள்ளி திறக்கும் முன்பே வகுப்பாசிரியரைப் பார்த்து நிலைமையைச் சொல்லி, முதல் இரண்டு வாரம் அவனை எழுப்பிக் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டிக்கொள்ளுங்கள். ஆசிரியரே ஒருமுறை வீட்டுக்கு வந்து 'வாடா தம்பி' என்று கூப்பிட்டால் அதற்கு இருக்கும் பலமே தனி. பள்ளி தொடர்பான உதவிக்கு 14417. மேஸ்திரியோ வேறு யாரோ முன்பணத்தைக் காட்டி நெருக்கினால் 1098-ஐக் கூப்பிடுங்கள், இரண்டுக்கும் கட்டணம் இல்லை.