இரண்டு நாள் பயிற்சிக்கு ஆள் அனுப்பினால் பலன் உண்டா? ஒரு பிரசவ வார்டு நர்ஸின் பதில்

"எங்களுடையது பத்துப் படுக்கை மருத்துவமனை. பிரசவ வார்டு ஆட்களை இரண்டு நாள் அவசரகாலப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. இதனால் தாய்க்கும் குழந்தைக்கும் உண்மையில் பலன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைப்பதோடு விட்டுவிட்டால் ஒரு பலனும் இருக்காது. இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன்.

நான் பீர்மேடு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். 19 வருடமாகக் கேரள எல்லைக்குள் இதே மலைப் பகுதியில் பிரசவ வார்டு ஸ்டாப் நர்ஸ். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தேயிலை, ஏலத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். டாக்டரும் கூட வேலை பார்க்கும் சேச்சிமாரும் மலையாளம். ஆயாம்மா கம்பத்துக்காரர். கேஸ் கைமீறினால் மேற்கே கோட்டயம் மெடிக்கல் காலேஜ், கிழக்கே குமுளி மலையிறங்கித் தேனி மெடிக்கல் காலேஜ். எந்தப் பக்கம் போனாலும் கொண்டை ஊசி வளைவுதான். ரத்தம் போய்க்கொண்டிருக்கும் தாய்க்கு அவ்வளவு நேரம் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், அப்போது இருந்த இடத்தில் நடந்தது. ராத்திரி இரண்டு மணி. மூன்றாவது பிரசவம். குழந்தை நன்றாக அழுதது, நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது. நான் கேஸ் ஷீட் எழுத உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஆயாம்மா வந்து, "சிஸ்டர், துணி நனைஞ்சுக்கிட்டே இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். "பிரசவம்னா ரத்தம் போகத்தானே செய்யும் அக்கா" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் வயிற்றைத் தொட்டபோது கருப்பை பிசைந்த மாவு மாதிரி தளர்ந்து கிடந்தது. கருப்பையை இறுக வைத்து ரத்தத்தை நிறுத்தும் ஆக்சிடோசின் ஊசி பார்மசி பிரிட்ஜில். பார்மசி பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம். அவர் கேட் பக்கம்.

அந்தப் பெண் பிழைத்தாள். மெடிக்கல் காலேஜில் கருப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மூன்று மாதம் கழித்துக் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தவள், "இனிமே எனக்கு மாசாமாசம் வராதாமே சிஸ்டர்?" என்று கேட்டாள். வயது 26.

எங்களில் யாருக்கும் பாடம் தெரியாமல் இல்லை. கருப்பையைத் தேய்க்க வேண்டும், ஆக்சிடோசின் போட வேண்டும் என்பது பரீட்சையில் எழுதித் தேறியதுதான். ரத்தம் எவ்வளவு போனது என்று கண்ணுக்குத் தெரியவில்லை, மருந்து கைக்கு எட்டவில்லை, ஆயாம்மா சொன்னது காதில் ஏறவில்லை. இந்த மூன்றையும் சரி செய்கிற பயிற்சியைத்தான் பயிற்சி என்பேன்.

முதலில் கண். சாதாரணப் பிரசவத்தில் 500 மில்லி தாண்டினாலே அது அதிக ரத்தப்போக்கு. துணியில் ஊறியது, படுக்கையில் தேங்கியது, தரையில் சொட்டியது, பனிக்குட நீரோடு கலந்தது எல்லாவற்றையும் பார்த்து மனக்கணக்கு போட்டால் எப்போதும் குறைத்துத்தான் சொல்வோம். இப்போது அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் உறையைத் தாய்க்குக் கீழே விரிக்கிறோம். ரத்தம் அதில் இறங்கும், எவ்வளவு என்று கோடு சொல்லிவிடும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை வைத்துச் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. வழக்கமான முறையில் பார்த்த இடங்களில் அதிக ரத்தப்போக்கில் ஏறக்குறைய பாதியைத்தான் கண்டுபிடித்தார்கள். உறை விரித்த இடங்களில் 93 சதவீதம். கண்டுபிடித்ததும் கருப்பையைத் தேய்ப்பது, ஆக்சிடோசின், ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம், டிரிப், கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது ஆகிய ஐந்தையும் சேர்த்தே செய்தார்கள். ஒன்று பலிக்கவில்லை என்று காத்திருந்து அடுத்ததற்குப் போகவில்லை. கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது.

அப்புறம் கை. தான்சானியாவில் ஹைடம் என்று ஒரு கிராமப்புற மருத்துவமனை. பிறந்ததும் மூச்சு விடாத குழந்தையைக் காப்பாற்ற அங்கே ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பொம்மையில் எல்லோரும் அருமையாகச் செய்தார்கள். நிஜப் பிரசவத்தில் எதுவும் மாறவில்லை. பிறகு அந்த வார்டிலேயே அடிக்கடி, சில நிமிடமே ஆனாலும், செய்து பழக வைத்தார்கள். முதல் 24 மணி நேரத்தில் இறக்கும் குழந்தைகள் குறைந்தன. உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எங்கும் பார்த்ததில்லை.

எங்கள் வார்டில் டியூட்டி மாறும்போது ஐந்து நிமிடம் பொம்மை. குழந்தையைத் துடைத்து, கதகதப்பாக வைத்து, முதுகைத் தேய்த்தும் அழவில்லை என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பேக்கால், அதாவது மாஸ்க் வைத்துக் கையால் அழுத்தும் பையால், காற்று போயாக வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை. நெஞ்சு ஏறி இறங்க வேண்டும். இங்கேதான் தவறுவோம். மாஸ்க் ஓரத்தில் காற்று கசியும், கழுத்து அளவுக்கு மேல் மடங்கியிருக்கும். நாம் பேக்கை அழுத்திக்கொண்டே இருப்போம், நெஞ்சு அசையாது. தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் என் ஆரம்ப வருடங்களில் கண்ணால் பார்த்தவை. அந்த ஒவ்வொரு நொடியும் குழந்தையின் மூளைக்கு நஷ்டம்.

ரத்த அழுத்தம் ஏறித் தாய்க்கு வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்பேட் ஊசி. நரம்பில் மெதுவாக 4 கிராம், இரண்டு பிட்டத்திலும் 5 கிராம் வீதம், ஆக மொத்தம் 14. எங்களுக்கு வரும் ஆம்பூலில், அதாவது சின்ன மருந்துக் குப்பியில், 1 கிராம்தான் இருக்கும். 14 ஆம்பூலை உடைத்து இழுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒத்திகை பார்த்த அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரிந்தது. உடைத்துக் கொடுக்க என்றே ஒருவர் வேண்டும். கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அடுத்த டோஸுக்கு முன் மூச்சு, முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதா என்பது, சிறுநீர் அளவு மூன்றையும் பார்ப்பதும், மருந்து அதிகமாகிவிட்டால் முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட் எங்கே இருக்கிறது என்பதும் அதே தாளில்.

ஒத்திகையை வார்டிலேயே செய்யுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகத்தான். ஹோட்டல் ஹாலில் நடக்கும் பயிற்சியில் உங்கள் பார்மசி சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியவராது. எங்கள் முதல் ஒத்திகையில் மருந்து வந்து சேர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த வாரமே பிரசவ அறைக்குள் சின்ன பிரிட்ஜ் வந்தது. ரத்தப்போக்குக்கு வேண்டிய மற்றதெல்லாம் ஒரே பெட்டியில்.

எங்களைப் போன்ற எல்லைப் பகுதிக்கு இன்னொரு சிக்கல், மொழி. மலையாளத்தில் நஞ்சுக்கொடிக்கு மறுபிள்ள என்பார்கள். ஒருமுறை சேச்சி "மறுபிள்ள வந்நோ?" என்று கேட்டதும், மேசையில் கிடந்த பெண் "ஐயோ, இன்னொரு பிள்ளையா?" என்று பதறி எழப் பார்த்தாள். புதிதாகச் சேர்ந்த உதவியாளரும் இரட்டைப் பிள்ளை என்று நினைத்துக் குழந்தைத் துணி எடுக்க ஓடிவிட்டார். அன்றிலிருந்து எங்களுக்குள் பிளசென்டா, பிளீடிங் என்றே சொல்கிறோம். "ஆக்சிடோசின் பத்து யூனிட்" என்று ஒருவர் சொன்னால், போடுகிறவர் "ஆக்சிடோசின் பத்து யூனிட் போட்டாச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். தாயிடம் அவள் மொழியில் பேச ஒருவர் தலைமாட்டிலேயே நிற்பார்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மருத்துவமனை ஒன்றில் டாக்டர், மருத்துவச்சி என்று எல்லோரையும் சேர்த்து வருடந்தோறும் இப்படிப் பயிற்சி கொடுத்தார்கள். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்து பாதிக்கப்படும் குழந்தைகள் 10,000 பிறப்புக்கு 27 என்பது 14க்கும் கீழே வந்தது. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் 120 மருத்துவ நிலையங்களை எடுத்து, அதில் பாதி இடங்களில் பிரசவச் சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்து, கூடவே ஆள் வைத்து வழிகாட்டினார்கள்; மீதி இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊழியர்களின் வேலை முறை திருந்தியது, இறப்பு குறையவில்லை. ரத்தம், அறுவைச் சிகிச்சை, மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் வழி, போதிய ஆள் எல்லாம் கூடவே இல்லாமல் பயிற்சி மட்டும் எல்லாவற்றையும் செய்துவிடாது. உங்கள் நிர்வாகம் பயிற்சியைக் காட்டி ஆள் எடுப்பதைத் தள்ளிப்போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004இலிருந்து ஒவ்வொரு தாய் மரணத்தையும் பெயர் சொல்லாமல், யாரையும் குற்றவாளியாக்காமல் ஆராய்கிறது. நாங்களும் ஒவ்வொரு ஒத்திகைக்கும் நிஜ அவசரத்துக்கும் பிறகு பத்து நிமிடம் அப்படித்தான் உட்கார்ந்து பேசுகிறோம். யார் தப்பு செய்தது என்ற கேள்வி வந்தாலே ஆயாம்மா வாயை மூடிக்கொள்வார். எனக்கு அவர் பேச வேண்டும்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது. ஒரே தடவையில் எல்லோரையும் அனுப்பாதீர்கள். இரண்டிரண்டு பேராக, நைட் டியூட்டி அதிகம் பார்க்கிறவர்களை முதலில் அனுப்புங்கள். திரும்பி வந்த அந்த வாரமே மற்றவர்களுக்கு அவர்கள் வார்டில் செய்து காட்டட்டும். குழந்தைப் பொம்மை ஒன்று கட்டாயம் வாங்குங்கள், நெஞ்சு ஏறி இறங்குவது தெரிகிற மாதிரி. கருப்பைக்கு டவலைச் சுருட்டி வைத்தாலே போதும். முதல் ஒத்திகை ரத்தப்போக்காக இருக்கட்டும், ராத்திரியில், டாக்டர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து. அவர் போன் எடுப்பதிலிருந்து மருந்து உள்ளே போகிற வரைக்கும் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதட்டும். அந்தத் தாளை இங்கே போட்டால் எதை முதலில் மாற்றலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.