அரை நாளில் ஒயினும் கடல் உணவும்: வாசகர் கேள்வி–பதில்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். செப்டம்பரில் பையரைப் பார்க்க ஸ்பெயினின் அ கொருன்யா நகருக்குப் போகிறேன். கடைசி நாள் மதியம் வரை வேலை இல்லை. அந்தப் பக்கம் கடலோரமாக ஒயினும் மீனும் ருசி பார்க்கும் அரை நாள் டூர் இருக்கிறது என்கிறார்கள். போய்விட்டு வந்து ஃபிளைட் பிடிக்க முடியுங்களா?
– ஆர்.கே., திருப்பூர்

அன்றே மாலை ஃபிளைட் என்றால் வேண்டாமுங்க. அங்கே அரை நாள் என்பது நம்மூர் கணக்கில் காலை ஆறிலிருந்து பன்னிரண்டு வரை இல்லை. ஓட்டல் அடுப்பு பற்றுவதே மதியம் ஒன்றரை மணிக்குத்தான். டூர் காலை 10 மணிக்குத் தொடங்கினால் சாப்பிட்டு எழ நாலு மணியாகிவிடும். ஃபிளைட்டை மறுநாளுக்கு மாற்ற முடிந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட இடம் ரியாஸ் பைஷாஸ். கலீசியா மாகாணத்தின் தென்மேற்கில் கடல், விரல் விரலாக நிலத்துக்குள் புகுந்திருக்கும் பகுதி. அங்கே அல்பரீன்யோ என்ற வெள்ளைத் திராட்சைதான் ராஜா. 1988லிருந்து அந்தப் பகுதிப் பெயருக்கு, நம்மூர் புவிசார் குறியீடு மாதிரி, சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அ கொருன்யாவிலிருந்து ஓ குரோவே ஊர் சுமார் 135 கிலோமீட்டர், காரில் ஒன்றரை மணி நேரம். ஆனால் ருசி பார்க்கப் போகிறவர் காரை எடுக்கக் கூடாது. ரயிலில் விலாகார்சியா ஸ்டேஷனுக்குச் சுமார் 1 மணி நேரம், அங்கிருந்து கம்பாடோஸ் ஊருக்கு டாக்சியில் கால் மணி நேரம். இல்லையென்றால் ரயிலில் அரை மணி நேரத்தில் சந்தியாகோ போய், அங்கே கிளம்பும் சின்ன வேன் டூரில் சேர்ந்துகொள்ளலாம். முதல்முறை போகிறவருக்கு வேன்தான் நிம்மதி.

டூர் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘ஆறு மணி நேரத்தில் மூன்று ஒயினரி, படகு, கோட்டை, மீன் சந்தை’ என்று பட்டியல் நீண்டால் அதை விட்டுவிடுங்கள். பாதி நேரம் வேனில்தான் போகும். ஒரு படகு, ஒரு ஒயினரி, ஒரு சாப்பாடு. அரை நாளுக்கு இதற்கு மேல் தாங்காது.

வரிசையும் முக்கியம். படகு முதலில் வரட்டும். நாலு கிளாஸ் ஒயின் உள்ளே போன பிறகு படகேறினால், வளைகுடாவின் அமைதியான தண்ணீர்கூட வயிற்றைப் புரட்டும். ஓ குரோவே படகுத்துறையிலிருந்து கிளம்பும் படகுகள் சுமார் 1 மணி 15 நிமிடம் சுற்றிக் காட்டும். யூகலிப்டஸ் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி மிதக்க விட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் பதேயா. ஒவ்வொன்றிலிருந்தும் 12 மீட்டர் வரை நீளமான கயிறுகள் தண்ணீருக்குள் தொங்கும், ஒரு மிதவைக்கு அதிகபட்சம் 500 கயிறு. அந்தக் கயிற்றில்தான் சிப்பி வளர்கிறது, நாம் கேரளத்தில் கல்லுமக்காய் என்று சாப்பிடுகிறோமே, அந்தக் குடும்பம். கடற்பாறையில் சுரண்டி எடுத்த குஞ்சுகளைத் தானே மட்கிப்போகும் வலையால் கயிற்றோடு சுற்றிக் கட்டுகிறார்கள். வலை மட்குவதற்குள் குஞ்சு கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சில மாதத்தில் நெருக்கடியாகிவிடும் என்பதால் பிரித்து வேறு கயிறுகளில் கட்டுவார்கள், நாற்றைப் பிடுங்கி நடுகிற மாதிரி. அறுவடைக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். படகிலேயே ஆவியில் வெந்த சிப்பியும் இளம் ஒயினும் வரும். அதில் வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள், சாப்பாடு பாக்கி இருக்கிறது.

அடுத்து கம்பாடோஸ் பக்கம் ஒயினரி, ஒன்றரை மணி நேரம் போதும். தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் பார்த்தவருக்கு அந்தத் தோட்டம் அந்நியமாகவே தெரியாது. நம்மூர் மாதிரியே கல்லுக்கால் நட்டு, மேலே கம்பி இழுத்து, ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்தில் கொடியைப் படர விடுகிறார்கள். காரணம் மழை. வருடத்துக்கு 1,600 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும், கோயம்புத்தூரில் பெய்வதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கொடி தரையோடு கிடந்தால் பூஞ்சணம் அள்ளிக்கொண்டு போய்விடும். பந்தலில் ஏற்றினால் அடியில் காற்று ஓடும். செப்டம்பர் அங்கே திராட்சை அறுவடை மாதம். சில ஒயினரிகள் பார்வையாளர்களைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

திங்கள்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு படகுகள் கரையில் நிற்பதால் திங்களன்று புது மீன் குறைவு, பல ஓட்டல்களுக்கும் அன்றுதான் விடுமுறை. மெனுவில் விலை இருக்க வேண்டிய இடத்தில் ‘செகுன் மெர்காடோ’ என்றிருந்தால் சந்தை விலைப்படி என்று அர்த்தம். கிலோ என்ன விலை, நம் தட்டுக்கு எத்தனை கிராம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில்லில் அதிர்ச்சி அடைகிறவர்கள் எல்லாம் இதைக் கேட்காமல் விட்டவர்கள்தான். இரண்டு பேருக்கு ‘மேதியா ரசியோன்’, அதாவது அரைத் தட்டு, நாலு வகை சொன்னால் நிறைவாக இருக்கும்.

ஒயின் குடித்துப் பழக்கமே இல்லை. ருசி பார்ப்பது என்றால் என்ன செய்ய வேண்டும்? வாயில் வைத்துத் துப்புவார்களாமே, அது மரியாதைக் குறைவு இல்லையா?
– எம்., பெருந்துறை

துப்பத்தான் அந்தப் பாத்திரத்தை மேசையில் வைத்திருக்கிறார்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், ஒயின் தயாரிப்பவரே துப்புவார். ஒரு ஊற்றுக்கு 30 முதல் 50 மில்லி வரும். நாலு வகை என்றால் 200 மில்லி வரை போகும், 750 மில்லி பாட்டிலில் கால் பங்குக்கு மேல். வெயிலில், வெறும் வயிற்றில் அது சும்மா விடாது.

கிளாஸின் காலைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 12 டிகிரி வரை சரி. அதைவிடக் குளிர்ந்தால் வாசனை வராது. மெல்லச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட வாயில் எடுத்து, நாக்கு முழுக்கப் படரவிட்டு, ஐந்தாறு நொடி கழித்து விழுங்குங்கள் அல்லது துப்புங்கள். கன்னத்தின் ஓரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். அல்பரீன்யோவின் அடையாளமே அந்தப் புளிப்புதான். எலுமிச்சை பிழிந்த மீனை நாம் ஏன் விரும்புகிறோமோ, அதே காரணத்துக்காக இது சிப்பியோடு சேர்கிறது.

அன்று காலை வெற்றிலை பாக்கு, புதினா மிட்டாய், ஸ்ட்ராங் காபி எதுவும் வேண்டாம். சென்ட் அடித்துக்கொண்டு போனால் பக்கத்தில் நிற்பவருக்கும் ருசி கெடும்.

சிவப்பு ஒயின்தான் உசத்தி என்று நினைத்து மீனோடு அதைக் கேட்பவர்கள் உண்டு. சிவப்பு ஒயினில் இரும்புச்சத்து பொதுவாகச் சற்றுக் கூடுதல். அது மீனின் கொழுப்போடு சேர்ந்தால் வாயில் கவிச்சி தங்கிவிடும். மிளகாயும் ஒயினுக்கு எதிரி. ஆல்கஹால் அந்த எரிச்சலைக் கூட்டிவிடும். ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியும் ஊறுகாயும் அன்று ஒரு வேளை ரூமிலேயே இருக்கட்டுமுங்க.

சிப்பி, பெர்செபெஸ் எல்லாம் எப்படிச் சாப்பிடுவது? ஸ்பூனே தர மாட்டார்களாமே?
– எஸ்.வி., கோபிசெட்டிபாளையம்

தேவைப்படாது. முதல் சிப்பியை மட்டும் கையால் எடுங்கள். அந்த வெற்று ஓடு இடுக்கி மாதிரி விரியும், அதால் அடுத்த சிப்பியின் சதையைக் கிள்ளி எடுக்கலாம். ஒன்று ஆரஞ்சு நிறமாகவும் ஒன்று வெளுத்தும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆரஞ்சு பெண், வெளுத்தது ஆண். வெந்த பிறகும் வாய் மூடியே இருப்பதை நெம்பித் திறக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

பெர்செபெஸ் என்பது அலை மோதும் பாறையில் ஒட்டி வளரும் கொட்டலசு இனம். பார்க்க ஆமையின் விரல்போல இருக்கும். பாறையில் தொங்கி, அலைக்கு நடுவே பெயர்த்தெடுக்க வேண்டியிருப்பதால் விலை எகிறும். நகம்போன்ற முனையை ஒரு கையால் பிடித்து, தோல் உறையை மறு கையால் திருகி உருவினால் உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை வரும். உருவும்போது உப்புச் சாறு பீச்சி அடிக்கும். முனையைத் தட்டை நோக்கித் திருப்பிப் பிடிக்காவிட்டால் எதிரே இருப்பவர் சட்டை காலி. பையரோடு போகிறவர்கள் வெள்ளைச் சட்டை போட வேண்டாம்!

பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ், வேகவைத்து வட்டம் வட்டமாக நறுக்கி, ஆலிவ் எண்ணெய், கல் உப்பு, காரமில்லா மிளகாய்த்தூள் தூவி மரத்தட்டில் வரும். நம் நாக்குக்கு முதல் கடியிலேயே பிடித்துப்போவது இதுதான்.

வீட்டுக்காரர் எல்லாம் சாப்பிடுவார், நான் சுத்த சைவம், மதுவும் கிடையாது. கூடப் போனால் எனக்கு என்ன இருக்கும்?
– ஒரு வாசகி, ஈரோடு

படகும் தோட்டமும் உங்களுக்கும் உண்டுங்க. ஒயினரியில் திராட்சை ஜூஸ் இருக்கிறதா என்று முன்பதிவிலேயே கேட்டு வையுங்கள். சாப்பாட்டில் பதிரோன் மிளகாய் உண்டு. கட்டைவிரல் நீளப் பச்சைமிளகாயை எண்ணெயில் வதக்கி, கல் உப்பு தூவித் தருவார்கள். பெரும்பாலும் காரமிருக்காது, நடுவில் ஒன்று மட்டும் சுள்ளென்று பிடிக்கும். தெத்தியா என்ற பாலாடைக்கட்டி, பிரெட், வெங்காயம் போட்ட முட்டை ஆம்லெட் (முட்டை ஆகுமென்றால்) கிடைக்கும். பாலாடைக்கட்டியைக் கெட்டிப்படுத்த விலங்குச் சத்து சேர்ப்பது உண்டு, அது ஆகாதவர்கள் கேட்டுக்கொள்ளவும்.

ஏமாறும் இடம் இரண்டு. ‘கால்தோ கயேகோ’ என்ற கீரைச் சூப் பார்க்கச் சைவம், ஆனால் பன்றிக் கொழுப்பில்தான் கொதிக்கிறது. எம்பனாதா என்ற அடைத்த ரொட்டியில் பெரும்பாலும் சூரை மீன் இருக்கும். ‘சைவம்’ என்று பொதுவாகச் சொன்னால் மீன் வந்து சேர்ந்துவிடும். ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ’ என்று இரண்டையும் சொல்லுங்கள். கறி வேண்டாம், மீனும் வேண்டாம் என்று அர்த்தம்.

இறால் சாப்பிட்டால் எனக்கு அரிக்கும். சிப்பி பரவாயில்லையா? பச்சையாகத் தருகிற ஆய்ஸ்டரும் சாப்பிடலாமா?
– டி., கரூர்

இறாலும் நண்டும் ஒரு கூட்டம், சிப்பியும் ஆய்ஸ்டரும் இன்னொரு கூட்டம். ஆனால் ஒன்றுக்கு ஒவ்வாமை இருப்பவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போவது உண்டு. பெர்செபெஸ் பாறையில் ஒட்டியிருந்தாலும் இறால் கூட்டத்தைச் சேர்ந்தது, அதைத் தொடவே வேண்டாம். சிப்பியையும் டாக்டரைக் கேட்காமல் அங்கே போய்ச் சோதனை செய்து பார்க்க வேண்டாம்.

பச்சை ஆய்ஸ்டர் கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. எலுமிச்சை பிழிந்தால் கிருமி சாகும் என்பது வெறும் நம்பிக்கை, ஒயினும் கொல்லாது. யூரிக் ஆசிட் உள்ளவர்கள் சிப்பியை அளவோடு நிறுத்தவும். கடலில் நச்சுப் பாசி பெருகும் நாட்களில் சிப்பியே நஞ்சாகும், வேகவைத்தாலும் போகாது. அதனால்தான் அங்கே தண்ணீரையும் சிப்பியையும் தொடர்ந்து சோதித்து, சந்தேகம் வந்த பகுதியில் அறுவடையை நிறுத்திவிடுகிறார்கள். அன்று ‘சிப்பி இல்லை’ என்றால் சண்டை போடாதீர்கள். கரையோரம் நீங்களாகப் பொறுக்கியதை வேகவைத்துச் சாப்பிடுவதும் ஆகாது.

அவ்வளவு தூரம் போக வசதியில்லை. கோயம்புத்தூரிலிருந்து எட்டுகிற தூரத்தில் இதுபோல ஏதாவது?
– பி.என்., பொள்ளாச்சி

கயிற்றில் வளரும் சிப்பியைப் பார்க்க ஸ்பெயின்தான் போக வேண்டும் என்பதில்லை. காசர்கோடு மாவட்டம் படன்னா, செறுவத்தூர் காயலிலும் கயிறு கட்டித்தான் கல்லுமக்காய் வளர்க்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் விதை கட்டி, மழைக்கு முன் அறுவடை. ஏப்ரல், மே போனால் கொழுத்த காய் கிடைக்கும். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுத் தடை, அந்த நேரத்தைத் தவிருங்கள்.

ஒயினுக்குப் பதில் கள். தமிழ்நாட்டில் 1987லிருந்து தடை என்பது நம் விவசாயிகளுக்குத் தீராத ஆதங்கம். ஆனால் பொள்ளாச்சியைத் தாண்டினால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், தென்னங்கள்ளுக்கே பேர்போன ஊர். காலையில் இறக்கியது இனிக்கும், மாலைக்குள் புளித்து வேகம் ஏறும். ருசி பார்க்கப் போகிறவர் மதியத்துக்குள் போக வேண்டும். கேரளத்தில் மது குடிக்க 23 வயது ஆகியிருக்க வேண்டும். நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம், கள்ளும் அந்தக் கணக்கில்தான் வரும்.

திரும்பும்போது எத்தனை பாட்டில் ஒயின் கொண்டுவரலாம்?
– ஜி., நாமக்கல்

ஆளுக்கு 2 லிட்டர் வரை சுங்கவரி இல்லை. 750 மில்லி பாட்டில் இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது சேர்ந்தால் 2.25 ஆகி வரியில் மாட்டும். மீதியுள்ள அரை லிட்டருக்கு 375 மில்லி சின்ன பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விட மாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். முதலில் பிளாஸ்டிக் கவர், அதன் மேல் கெட்டியான துணி, பெட்டியின் நடுவில், எந்தப் பக்கச் சுவரையும் தொடாமல். சாதாரண அல்பரீன்யோவை ஒன்றிரண்டு வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். அலமாரியில் அழகுக்கு வைத்தால் நம்மூர் ஏப்ரல் வெயிலிலேயே அதன் கதை முடிந்துவிடும்.