நடுக்குவாதமும் அதையொத்த நோய்களும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா குடியாத்தத்தில் தறி நெய்தவர். நடை தளர்ந்து உடல் விறைத்தபோது நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் என்றார்கள். மாத்திரையால் பெரிய பலனில்லை; அடிக்கடி பின்பக்கமாகச் சாய்ந்து விழுகிறார். வேலூரில் இப்போது பார்க்கும் நரம்பியல் மருத்துவர், இது அதையொத்த பி.எஸ்.பி. (புரோகிரசிவ் சூப்பராநியூக்ளியர் பால்சி) என்ற வேறு மூளை நோய் என்கிறார். முன்பு பார்த்தவர் தவறிவிட்டாரா? 200 ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் இதைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாதா? உறவினர் ஒருவர் பூனைக்காலி விதைப்பொடி கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

முன்பு பார்த்த மருத்துவரைக் குறை சொல்வதற்கில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு நோய்களும் தொடக்கத்தில் ஒரே சாயலில் வருபவை. பி.எஸ்.பி.யின் அடையாளங்களான, பின்புறமாக விழுவதும் கண்ணைத் தாழ்த்திப் பார்க்க இயலாமல் போவதும் பலருக்குப் போகப்போகத்தான் தெளிவாகத் தெரியும். அப்பா படி இறங்கும்போது தயங்குகிறாரா, தட்டிலுள்ள சோற்றைப் பார்க்காமலே கை துழாவுகிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள்; வீட்டிலிருப்பவர் கண்ணில் படுவது அவருக்கு மிகவும் உதவும்.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஆறு பேரை வைத்து நடுக்குவாதத்தை விவரித்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. பி.எஸ்.பி. தனி நோயாகப் பிரித்தறியப்பட்டதோ 1964-ல்தான். பார்க்கின்சனில் மூளைச் செல்களுக்குள் ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதம் திரள்கிறது, பி.எஸ்.பி.யில் திரள்வது டௌ என்ற வேறொரு புரதம். ஆனால் இந்த வேறுபாட்டை ஐயமறக் காண, இறந்தவரின் மூளையை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கிறது. உயிரோடிருப்பவரின் தண்டுவட நீரிலும் தோலிலும் அதற்கான தடயத்தைத் தேடுவதில்தான் இன்றைய ஆய்வாளர்கள் பலர் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். இத்துறையில் இதைவிட அவசரமான வேலை இல்லை என்பது என் எண்ணம்.

அப்பா சாப்பிட்ட மாத்திரையும் அப்படிப்பட்ட உழைப்பின் பயன்தான். வியன்னாவில் ஹார்னிகீவிச்சும் எரிங்கரும் இறந்த நோயாளிகளின் மூளையில், உடல் அசைவுக்கான செய்தியைக் கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வெகுவாகக் குறைந்திருப்பதை 1960-ல் காட்டினார்கள். அதை ஈடுசெய்யவே லெவோடோபா என்ற இந்த மருந்து வந்தது. பார்க்கின்சனில் டோபமைனைச் சுரக்கும் செல்கள் அழிந்தாலும் அதைப் பெற்றுக்கொள்ளும் செல்கள் பெரும்பாலும் மிஞ்சியிருப்பதால் மருந்து வேலை செய்கிறது. பி.எஸ்.பி.யில் அவையும் சிதைகின்றன. அதனால்தான் பலன் குறைவு.

பூனைக்காலி விதையில் இருப்பதும் அதே லெவோடோபாதான். 1937-லேயே சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அதைப் பிரித்தெடுத்தார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி. ஆனால் மாத்திரைக்குப் பணியாத நோய் பொடிக்குப் பணியும் என்று நம்ப இடமில்லை. பொடியில் மருந்தின் அளவும் ஒரே சீராக இராது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சி வாந்தி, மயக்கம், மனக்குழப்பம் வரக்கூடும். ஆகவே கொடுக்காதீர்கள்.

பி.எஸ்.பி.யின் வேகத்தைத் தணிக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் நோய் இன்னதென்று தெரிந்ததால் எதைக் காக்க வேண்டும் என்பது தெரிகிறது. அவரைத் தனியே நடக்க விடாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறது என்றால் உடனே மருத்துவரிடம் சொல்லி, விழுங்குவதற்கான பயிற்சி தருபவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இந்நோயாளிகளுக்கு உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவதுதான் பெரிய ஆபத்து.