பூனையின் கண் ஆபரேஷனுக்கு ஆர்டி-யில் கை வைக்கலாமா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். என் சம்பளமும் கணவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு வருவது 58,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை 17,500. எங்கள் பூனை பொம்மிக்கு 7 வயது. நான்கு மாதங்களுக்கு முன் அதன் இடது கண் வீங்கி, பால் ஊற்றினாற்போல வெளுத்துவிட்டது. மருத்துவர் குளுக்கோமா, அதாவது கண் அழுத்த நோய் என்றார். கண் அழுத்தம் 42 இருந்தது. பார்வை திரும்பாது, வலிதான் மிச்சம், கண்ணை எடுத்துவிடுவது நல்லது என்கிறார். அதற்கு 24,000 ஆகுமாம். இப்போது சொட்டு மருந்து, பரிசோதனை, ஆட்டோ என்று மாதம் 2,200 போகிறது. சேமிப்புக் கணக்கில் 19,000 இருக்கிறது. அஞ்சலகத்தில் மாதம் 2,000 வீதம் 26 மாதமாக ஆர்டி கட்டி வருகிறேன். கிரெடிட் கார்டில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். பேத்தியின் செல்வமகள் கணக்கில் எடுக்கச் சொல்கிறார் மாமியார். "ஒரு பூனைக்கு இவ்வளவா?" என்று நாத்தனார் சிரிக்கிறார். 9 வயது மகள் உண்டியலை உடைத்து 340 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, முதலில் நாத்தனாரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். மாதம் 2,200 என்றால் வருடத்துக்கு 26,400. ஆபரேஷன் செலவைவிட இது கூடுதல். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 14, 15 வயது வரை சாதாரணமாக இருக்கும். இன்னும் 8 வருடம் இதே மருந்து என்று வைத்தால், விலை ஏறாமலே 2 லட்சத்தைத் தாண்டுகிறது. அதுவும் பார்வை திரும்பப் போகாத கண்ணுக்கு. 24,000 மொத்தமாகக் கேட்பதால் பெரிதாகத் தெரிகிறது. 2,200 சில்லறையாகப் போவதால் யார் கண்ணிலும் படவில்லை.

கண்ணை எடுப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அது என் வேலை இல்லை. ஆனால் பூனைக்கு 25-க்குள் இருக்க வேண்டிய அழுத்தம் 42 என்றால் அது சும்மா இருக்காது. பூனை வலியைக் காட்டிக்கொள்ளாது; கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்ளும், சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும். ஒரு கண்ணோடு பூனைகள் நன்றாகவே வாழ்கின்றன. அதனால் எடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், பணத்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, பணம் எங்கிருந்து?

செல்வமகள் கணக்கை மறந்துவிடுங்கள். மகள் 18 வயதைத் தொட வேண்டும், இல்லையென்றால் பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும். அப்போதும் பாதி வரைதான், படிப்புக்காகத்தான் எடுக்க முடியும். மாமியார் நல்லெண்ணத்தில் சொன்னாலும் அஞ்சலகம் கொடுக்காது.

கிரெடிட் கார்டு வேண்டாம். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி போடும் கார்டு என்று வைத்துக்கொண்டால், 24,000-க்கு ஒரு மாத வட்டி 840. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 991. என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் ஒரு ஆஸ்பத்திரிச் செலவைக் கார்டில் தேய்த்துவிட்டு, மாதா மாதம் 'மினிமம்' மட்டும் கட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை வருடம் கழித்தும் கடன் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

ஆர்டி-யை இப்போது உடைக்க முடியாது, மூன்று வருடம் முடிய வேண்டும். ஆனால் அதன்மேல் கடன் வாங்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. தொடங்கி ஒரு வருடமாகி 12 தவணை கட்டியிருந்தால், கணக்கில் இருப்பதில் பாதி வரை கிடைக்கும். நீங்கள் கட்டியது 52,000. ஆக 26,000 வரை கேட்கலாம். வட்டி, உங்கள் ஆர்டி வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். ஆர்டி 6.7 என்றால் கடன் 8.7. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும்.

முழுத் தொகையையும் வாங்க வேண்டாம். சேமிப்புக் கணக்கிலிருந்து 10,000, ஆர்டி கடன் 14,000. மீதி 9,000 வீட்டு அவசரத்துக்கு இருக்கட்டும். ஆபரேஷன் முடிந்தால் மாதம் 2,200 மிச்சமாகும். அதை அப்படியே கடனுக்குத் திருப்பினால் ஏழு மாதத்தில் முடிந்துவிடும். வட்டி 750 ரூபாயைத் தாண்டாது. மாத ஆர்டி தவணையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் சில விஷயங்கள் கேளுங்கள். 24,000-க்குள் மயக்க மருந்து, ரத்தப் பரிசோதனை, தையல் பிரிப்பது, வீட்டுக்குக் கொடுத்துவிடும் மாத்திரை எல்லாம் அடக்கமா? எடுத்த கண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பார்களா? இந்தக் கடைசிச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பூனைக்கு குளுக்கோமா பெரும்பாலும் தானாக வருவதில்லை. கண்ணுக்குள் இருக்கும் அழற்சியோ கட்டியோ கொண்டுவந்துவிடும். காரணம் தெரிந்தால்தான் வலது கண்ணைக் காப்பாற்ற முடியும். நாளைக்கு அதே செலவு இரண்டாவது முறை வருமா வராதா என்பதும் அதில்தான் இருக்கிறது.

தொகை அதிகமாகப் பட்டால் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இரண்டுமே திருச்சியிலிருந்து காலையில் கிளம்பிப் போய்ச் சேரக்கூடிய தூரம்தான். தனியாரைவிடக் கட்டணம் குறைவு. முதலில் போனில் கேட்டு, கண் ஆபரேஷன் செய்யும் நாளைத் தெரிந்துகொண்டு போங்கள். கூடையில் பூனையோடு இரண்டு முறை அலைந்தால் மிச்சம் பிடித்தது கார் வாடகைக்கே சரியாகிவிடும்.

காப்பீடு இப்போது எடுத்துப் பயனில்லை, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குத் தரமாட்டார்கள். வருமான வரியில் மருத்துவக் காப்பீட்டுக்குத் தரும் 80டி கழிவும் மனிதர்களுக்குத்தான். அப்புறம், வீட்டுப் பெரியவர்களின் குளுக்கோமா சொட்டு மருந்து மீதி இருக்கிறதே என்று பொம்மிக்கு விடாதீர்கள். மனிதர்களுக்குப் பரவலாக எழுதும் லாட்டனோபிராஸ்ட் பூனைக்கு அவ்வளவாகப் பயன்படாது.

கடன் முடிந்த எட்டாம் மாதத்திலிருந்து அந்த 2,200-ல் 1,000-ஐப் பொம்மி பெயர் சொல்லித் தனியாகப் போட்டு வையுங்கள். வலது கண்ணின் பரிசோதனைக்கு அது உதவும்.

உண்டியல் பணத்தை மகளிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். தையல் பிரிக்கும் வரை, பத்துப் பதினான்கு நாள், பொம்மி காலால் பிறாண்டாமல் இருக்கக் கழுத்தில் புனல் மாதிரியான கோன் மாட்ட வேண்டும். அதை அந்த 340 ரூபாயில் வாங்குங்கள். பில்லை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.